எந்த எஞ்சினுக்கு?

போர்ட் வேலை முடிந்த ஒரு சிலிண்டர் ஹெட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். போர்ட் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுவார்கள். செல்போன் விளக்கை அடித்து எட்டிப் பார்ப்பார்கள். வழவழப்பாக இருந்து, உள்ளே முகம் தெரிகிற மாதிரி மின்னினால் "வேலை பிரமாதம்" என்று தீர்ப்பு வந்துவிடும். விரலுக்கும் கண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த வழியாகப் போகப்போவது விரலும் இல்லை, கண்ணும் இல்லை.

எஞ்சினுக்குள் பெட்ரோலை அனுப்புவது பெரிய காரியமே அல்ல. கார்புரேட்டரின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினால் போதும். அதை எரிக்க வேண்டிய காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் 5 மில்லி விநாடி. அதற்குள் காற்று கார்புரேட்டரைத் தாண்டி, மேனிஃபோல்டைத் தாண்டி, ஹெட்டுக்குள் நுழைந்து, வளைந்து, வால்வின் விளிம்பைச் சுற்றி வழிந்து சிலிண்டரை நிரப்ப வேண்டும். இந்தப் பாதையின் கடைசிச் சில அங்குலங்கள்தான் போர்ட். தொழிற்சாலையில் மணல் அச்சில் வார்க்கும்போது அந்தப் பாதையில் முண்டும் முடிச்சும் நின்றுவிடும். வால்வு கைடைச் சுற்றி உலோகம் தடித்திருக்கும். வால்வு உட்காரும் சீட்டை வெட்டும் கருவி நின்ற இடத்தில் ஒரு படி விழுந்திருக்கும். கையில் கிரைண்டரும் கார்பைடு பர்ரும் எடுத்துக்கொண்டு அவற்றைக் கரைத்து, வளைவுகளைத் திருத்துகிறவர்தான் போர்ட்டர். பந்தயக் கார் உலகத்தில் இவர்களுக்கு இருக்கும் மரியாதை ஓட்டுநருக்கு இருப்பதற்கு அதிகம் குறைந்ததல்ல.

அந்த வேலை நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளப்பை முதலில் தள்ளிவிடலாம். கார்புரேட்டர் எஞ்சினில் இன்டேக் போர்ட் வழியாகக் காற்று தனியாக வருவதில்லை. பெட்ரோல் துளிகளும் கூடவே வருகின்றன. வளைவில் திரும்ப முடியாத கனமான துளிகள் சுவரில் அடித்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிபோல மின்னும் சுவரில் அவை ஒன்றுசேர்ந்து கோடு கோடாக வழிந்து, எரியாத பெட்ரோலாகச் சிலிண்டரில் போய் விழும். அதனால்தான் தொழில் தெரிந்தவர்கள் இன்டேக் போர்ட்டை 60, 80ஆம் நம்பர் எமரியோடு நிறுத்திவிடுகிறார்கள். சற்றே சொரசொரப்பான அந்தச் சுவரில் வழியும் பெட்ரோல் மறுபடி காற்றில் கலக்க வாய்ப்பு அதிகம். எக்ஸாஸ்ட் பக்கம் மெருகேற்றினால் கரி படிவது கொஞ்சம் தள்ளிப்போகும். அதைச் செய்வதில் தவறில்லை. மற்றபடி மெருகு என்பது வாங்குகிறவருக்காகச் செய்யப்படும் வேலை. வளைவு தவறான ஒரு போர்ட்டையும் கண்ணாடியாக்கிவிட முடியும், அரை நாளில்.

அடுத்தது எண். தொழில் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

போர்ட் வழியாகக் காற்றை இழுத்து அளந்து பார்ப்பது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஹாரி வெஸ்லேக் 1920களிலேயே அதைச் செய்து, பென்ட்லியிலிருந்து ஜாகுவார் வரை ஹெட்களைத் திருத்திக் கொடுத்தார். 1970களில் அமெரிக்காவின் சூப்பர்ஃப்ளோ நிறுவனம் சிறு பட்டறைகளும் வாங்கக்கூடிய ஃப்ளோ பெஞ்ச்களை விற்கத் தொடங்கியபிறகு ஊருக்கு ஊர் அந்தக் கருவி வந்துவிட்டது. ஹெட்டை ஒரு சிலிண்டர் குழாய்மேல் கவிழ்த்து, வால்வைக் குறிப்பிட்ட அளவு திறந்து வைத்து, கீழிருந்து மோட்டாரால் காற்றை உறிஞ்ச வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்று மீட்டர் சொல்லும். சிஎஃப்எம் என்பது அதுதான். 250 சிஎஃப்எம் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 118 லிட்டர். அந்த எண்ணை 0.257ஆல் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்கினால், மற்ற எல்லாம் சரியாக அமைந்த பந்தய எஞ்சின் எட்டக்கூடிய குதிரைத்திறன் தோராயமாக வந்துவிடும். எட்டு சிலிண்டருக்கு 514. கணக்கு அழகாக இருக்கிறது. இத்தனை அழகான கணக்கு கையில் கிடைத்தபின் யார் ஹெட்டைப் பார்ப்பார்கள்? எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் 250 என்ற அந்த எண் எந்த அழுத்தத்தில் எடுக்கப்பட்டது? இன்று பெரும்பாலோர் 28 அங்குல நீர் அழுத்தத்தில் அளக்கிறார்கள். முன்பு 10 அங்குலத்தில் அளந்த காலமும் உண்டு. 10 அங்குலத்தில் 150 காட்டும் ஹெட்தான் 28இல் 250 காட்டுகிறது. உலோகத்தில் ஒரு துகளும் குறையவில்லை, எண் மட்டும் நூறு ஏறிவிட்டது. ஹெட்டுக்குக் கீழே வைத்த சிலிண்டரின் விட்டம் என்ன? சுவர் வால்வின் ஓரத்தை நெருங்கி நின்றால் காற்றை மறிக்கும். அகலமான சிலிண்டர்மேல் வைத்து அளந்தால் அதே ஹெட் கூடுதலாகக் காட்டும். போர்ட் வாயில் களிமண்ணால் உருண்டையான விளிம்பு கட்டினார்களா? எக்ஸாஸ்ட் பக்கம் குழாய் மாட்டி அளந்தார்களா, மாட்டாமலா? ஒவ்வொன்றுக்கும் எண் நகரும். இதில் யாரும் பொய் சொல்லவே வேண்டியதில்லை. உண்மையான எண்களை வைத்தே ஆளை ஏமாற்ற முடிகிற துறை இது.

இன்னொன்று, வால்வை எவ்வளவு திறந்து வைத்து அளந்தார்கள் என்பது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது உச்ச எண். பெரும்பாலும் அது 0.600 அல்லது 0.700 அங்குலம் திறந்து வைத்து எடுத்ததாக இருக்கும். உங்கள் கேம்ஷாஃப்ட் வால்வைத் திறப்பதோ 0.500 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 0.700இல் அந்த ஹெட் என்ன காட்டினால் உங்களுக்கு என்ன? உங்கள் எஞ்சின் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த இடத்துக்குப் போகப்போவதில்லை. மேலும், வால்வு திறந்தபடி நிற்பதில்லை. 6000 சுற்றில் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்பிலும் உச்சத்தை ஒருமுறை தொடும், 0.200, 0.300, 0.400 ஆகியவற்றைப் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என இரண்டு தடவை கடக்கும். உச்சத்தில் 15 சிஎஃப்எம் குறைந்து, நடுவில் 15 கூடுதலாகக் காட்டும் ஹெட்டைத் தெருவில் ஓடும் காருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதை யாரும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

எனக்கு வெஸ்லேக்கின் காலத்தின்மேல் இந்த ஒரு காரணத்துக்காகப் பொறாமை உண்டு. அன்று அந்த எண் விற்பனைக்கு வரவில்லை. நேற்றுக் கரைத்த இடம் உதவியதா கெடுத்ததா என்று வேலைக்காரன் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது. ஒரே பெஞ்ச், ஒரே ஆள், வெட்டுவதற்கு முன், வெட்டிய பின். அந்த அளவில் அது மிக நேர்மையான கருவி. பட்டறைக்கு வெளியே வந்து விலைப்பட்டியலில் ஏறியதும், எஞ்சினுக்காக ஹெட் செய்தவர்களில் சிலர் பெஞ்சுக்காக ஹெட் செய்ய ஆரம்பித்தார்கள். அளவுகோலுக்கு ஏற்றபடி பொருளை வளைப்பது மனிதருக்கு இயல்பாக வரும் கைவேலை. பள்ளிக்கூடத்து மதிப்பெண் முதல் எல்லாவற்றிலும் பார்க்கிறோமே.

பெஞ்ச் வைத்திருக்கும் நல்ல போர்ட்டர்கள் மீட்டரை மட்டும் பார்ப்பதில்லை. காதையும் கொடுக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காற்று பக்கவாட்டில் நுழைந்து கீழ்நோக்கித் திரும்பித்தான் வால்வை அடைய முடியும். அந்தத் திருப்பத்தின் உள்வளைவுக்கு ஷார்ட் சைட் என்று பெயர். வெளிவளைவு நீளமானது, தாராளமானது. உள்வளைவோ குறுகியது, கூர்மையானது. காற்றுக்கு எடை உண்டு. வால்பாறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைக்காமல் வரும் பேருந்து உள்பக்கத்தை ஒட்டித் திரும்ப முடியாமல் வெளியே வீசப்படுவதுபோல, வேகமாக வரும் காற்றும் ஷார்ட் சைடின் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த இடத்தில் சுழல் உண்டாகி, பாதையின் ஒரு பகுதியையே அடைத்துக்கொள்ளும். இது நடக்கும்போது பெஞ்சின் சத்தம் மாறுகிறது. நல்ல போர்ட்டில் வால்வைத் திறக்கத் திறக்கச் சத்தம் ஒரே சீராக ஏறும். பிரிவு தொடங்கும் இடத்தில் கரகரக்கும். மானோமீட்டரில் திரவம் நிலைகொள்ளாமல் துள்ளும். அதற்குமேல் எவ்வளவு திறந்தாலும் எண் ஏறாது. சில ஹெட்களில் இறங்கவும் செய்யும். அந்தக் கரகரப்பைக் கேட்டவுடன் அனுபவஸ்தர் கருவியைக் கீழே வைத்துவிடுவார். கற்றுக்குட்டி இன்னும் கொஞ்சம் கரைப்பார். கரைக்கக் கரைக்க உள்வளைவு இன்னும் கூர்மையாகும், வேலை இன்னும் கெடும். ஹெட்டைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது விரலால் எளிதில் எட்ட முடியாத இடமும் இதுதான். எல்லாரும் தடவிப் பார்க்கும் வாய்ப்பகுதியில் தவறு செய்வது கடினம். தவறு நடக்கிற இடம் உள்ளே ஒளிந்திருக்கிறது.

பெரிது என்பதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதில் சூடுபட்டது. ஃபோர்டு நிறுவனம் 1969இல் டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக பாஸ் 302 மஸ்டாங்கைக் கொண்டுவந்தது. எஞ்சின் 302 கன அங்குலம், சுமார் 4.9 லிட்டர். அதன் இன்டேக் வால்வு விட்டம் 2.23 அங்குலம், 56 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். ஒரு சிலிண்டரின் கொள்ளளவோ 620 சிசிகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2006இல் கார்வெட் இசட்06க்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த 7 லிட்டர் எல்எஸ்7 எஞ்சினுக்கும் இன்டேக் வால்வு 56 மில்லிமீட்டர்தான்; ஆனால் அதன் ஒரு சிலிண்டர் 40 சதவீதம் பெரியது. அடுத்த ஆண்டே ஃபோர்டு பாஸ் 302இன் வால்வை 2.19 அங்குலமாகக் குறைத்தது. அதே ஆண்டு வந்த 351 கிளீவ்லாண்ட் எஞ்சினின் 4வி ஹெட்டும் இதே குடும்பம். கைமுட்டி நுழைந்துவிடும் என்று தோன்றுகிற போர்ட்கள்.

அந்த ஹெட் நல்லதா, மோசமா? பந்தயப் பாதையில் நல்லதுதான். 1970 டிரான்ஸ்-ஆம் பட்டம் பாஸ் 302க்கே கிடைத்தது. 1974இல் பாப் கிளிடன் டிராக் பந்தயத்தின் ப்ரோ ஸ்டாக் பிரிவில் ஃபோர்டு பின்டோ ஓட்டிப் பட்டம் வென்றபோதும் இந்தக் கிளீவ்லாண்ட் குடும்பம்தான் அடியில் இருந்தது. அதே ஹெட் பூட்டிய காரை ஊருக்குள் 2000 சுற்றில் ஓட்டியவர்கள் திணறினார்கள். பெரிய போர்ட்டில் காற்று சோம்பலாக நகரும். சோம்பலாக நகரும் காற்றுக்கு உந்தம் குறைவு. பிஸ்டன் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும், வேகமாக வந்த காற்று தன் ஓட்டத்தாலேயே சிலிண்டருக்குள் திணிந்துகொண்டிருக்கும். அந்தக் கடைசித் திணிப்பு இங்கே கிடைக்காது. பெட்ரோல் துளிகளையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. பந்தயக்காரர்களே பிறகு அந்தப் போர்ட்களின் தரையில் அடைப்பு வைத்து அளவைக் குறைத்தார்கள். எக்ஸாஸ்ட் பக்கத்தின் வளைவு தேறாது என்று அந்தப் பகுதியை அறுத்து எறிந்துவிட்டுத் தகடு பூட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் வார்த்த, சிறிய போர்ட் கொண்ட 2வி ஹெட்களை அமெரிக்கத் தெருக் கார்க்காரர்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். பணம் கொடுத்து உலோகத்தைக் கரைக்கச் சொன்ன உலகம், பணம் கொடுத்து ஓட்டையை அடைக்கச் சொல்லவும் கற்றுக்கொண்டது. எபாக்சி பூசி போர்ட் தரையை உயர்த்திய ஹெட்டைப் பார்த்தால் கண்ணுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். சக்தி கூடியிருக்கும்.

இங்கிலாந்து மினியின் கதை வேறு மாதிரி. பிஎம்சியின் ஏ-சீரீஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர், ஆனால் இன்டேக் போர்ட் இரண்டே இரண்டு. 1ஆம், 2ஆம் சிலிண்டர்களுக்கு ஒரு வாய். 3க்கும் 4க்கும் இன்னொன்று. நம் ஊர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அண்ணன் முறையான பி-சீரீஸ்தான். அங்கும் இதே கூட்டுக் குடித்தனம். தீப்பொறி வரிசை 1-3-4-2. அதாவது 3 உறிஞ்சிய கையோடு 4 உறிஞ்சும். 2 உறிஞ்சிய கையோடு 1 உறிஞ்சும். முதலில் உறிஞ்சுகிறவர் நின்றுபோன காற்றை அசைத்துக் கிளப்ப வேண்டும். பின்னால் வருகிறவருக்கு ஓடிவரும் காற்று சும்மா கிடைக்கும். முன்னவரின் வால்வு இன்னும் மூடாதபோதே பின்னவர் இழுக்கத் தொடங்கினால், முன்னவருக்குச் சேர வேண்டியதில் கொஞ்சம் கைமாறிப் போய்விடும். நீண்டநேரம் திறந்திருக்கும் பந்தயக் கேம் போட்டால் இந்தத் திருட்டு இன்னும் கூடும். இப்போது இந்த ஹெட்டைப் பெஞ்சில் வையுங்கள். ஒரு வால்வு திறந்திருக்கும், காற்று நிதானமாக, ஒரே சீராகப் போகும், எண் வரும். மேலே சொன்ன சண்டையில் ஒரு இழைகூட அந்த எண்ணில் இருக்காது. டவுன்டன் என்ற சிற்றூரில் பட்டறை வைத்து மினி ஹெட்களுக்குப் பேர்போன டேனியல் ரிச்மண்டின் வேலையைப் பார்த்து பிஎம்சி நிறுவனமே அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. அவருடைய ஹெட் பூட்டிய கார் எப்படி ஓடியது என்பதுதான் அவருக்குக் கிடைத்த சான்றிதழ். பெஞ்ச் சொல்வது போர்ட்டைப் பற்றி மட்டும். கார் சொல்வது முழு எஞ்சினைப் பற்றி.

இன்னும் கீழே இறங்கினால் காற்றுக்கே சம்பந்தமில்லாத தரம் ஒன்று இருக்கிறது. வால்வு உட்காரும் சீட், வால்வின் தண்டு ஓடும் கைடு. இரண்டும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாலே நல்ல பட்டறைகள் முகம் சுளிக்கும். மையம் விலகினால் வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒருபக்கமாக வந்து அமர்ந்து, தண்டு வளைந்து நிமிரும். சற்று முன் சொன்ன எல்எஸ்7 எஞ்சினின் ஹெட், தொழிற்சாலையிலேயே கணினி இயந்திரத்தில் போர்ட் செய்யப்பட்டு வந்த அருமையான ஹெட். 505 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின். அதில் கைடு சீக்கிரம் தேய்வதாகப் புகார் மேல் புகார் வந்தது. சில ஹெட்களில் கைடும் சீட்டும் ஒரே மையத்தில் அமையாதபடி சப்ளையர் இடத்தில் மெஷினிங் நடந்திருந்ததைப் பிறகு நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வால்வு தலை முறிந்து சிலிண்டரில் விழுந்தால் மிச்சம் எதுவும் இல்லை. ஃப்ளோ பெஞ்ச் இதைக் கண்டுபிடித்திருக்காது. அந்த ஹெட் பெஞ்சில் பிரமாதமாகவே காட்டியிருக்கும். வால்வை மூடி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக் கசிகிறதா என்று பார்ப்பது நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய சோதனை. அதில் தெரிவது சீட்டின் யோக்கியதை மட்டும். கைடுக்கு மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் எடுத்துப் பொறுமையாக அளக்க ஆள் வேண்டும்.

கை வேலையா, கணினி வேலையா என்ற வாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. கணினி இயந்திரம் வெட்டுவது ஏற்கெனவே ஒருவர் கையால் செய்து, அளந்து, திருத்திய ஒரு மாதிரியைத்தான். அந்த மாதிரி நல்லதாக இருந்தால் எட்டு போர்ட்டும் ஒன்றுபோல நல்லதாக வரும். மோசமாக இருந்தால் எட்டும் ஒன்றுபோல மோசமாக வரும். ஒன்றுபோல வருவதன் அருமை வெஸ்லேக்கின் கதையிலேயே இருக்கிறது. 1967 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் டான் கர்னி ஓட்டி வென்ற ஈகிள் காரின் வி12 எஞ்சின் வெஸ்லேக் பட்டறையில் உருவானது. கேட்க இனிமையான எஞ்சின். ஆனால் பழைய கருவிகளால் கையால் கடைந்தவை என்பதால் ஒரு எஞ்சினின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது என்ற குறை அதற்கு இருந்தது. கணினி வேலையில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. வெட்டும் கருவி விட்டுப்போகும் மெல்லிய வரிகளைப் பார்த்து 'வேலை முடியவில்லை' என்று நினைத்து, புது ஹெட்டை வீட்டில் வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வளைவைத் தங்கள் கையாலேயே அழிக்கிறார்கள்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், நான் ஆரம்பத்தில் எழுப்பிய கேள்வியே பழுதானது என்று தெரிகிறது. 'இந்த ஹெட் நல்லதா?' என்பதற்குப் பதில் கிடையாது. கிளீவ்லாண்ட் ஹெட் 9000 சுற்றில் பதக்கம் வாங்கித் தந்தது, 2000 சுற்றில் திட்டு வாங்கித் தந்தது. உலோகம் அதே உலோகம். கோவையில் பந்தயக் கார்களுக்கு ஹெட் வேலை செய்கிற பட்டறைக்குள் ஒரு இளைஞர் நுழைந்து, "எவ்வளவு பவர் ஏறுமுங்கண்ணா?" என்று கேட்டால், "அது இருக்கட்டும் தம்பி, கேம் என்ன போட்டிருக்கீங்க? வண்டி தினமும் ஓட்டறதா, டிராக்குக்கு மட்டுமா?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பல பேருக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துப்போகும். ஹெட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவர், தான் விசாரிக்கப்படுவதை அங்கேதான் உணர்கிறார்.

எதை வைத்து இதை மதிப்பிடுவது என்று நாம் தேடுவதெல்லாம் வெளியே: மினுமினுப்பு, எண், விட்டம், பெயர்பெற்ற பட்டறையின் முத்திரை. தேட வேண்டியது தன் எஞ்சினுக்குள். எத்தனை சிசி, கேம் வால்வை எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது, கார் உண்மையில் எந்தச் சுற்றில் ஓடுகிறது. கடைசிக் கேள்விதான் கூசவைப்பது. தெருவில் ஓடும் கார் தன் ஆயுளில் பெரும்பகுதியை 4000 சுற்றுக்குக் கீழேதான் கழிக்கிறது. சிக்னலிலிருந்து சிக்னலுக்கு. அதை ஒப்புக்கொள்ள மனம் வராதபோது, இருப்பதில் பெரியதைக் கொடுங்கள் என்று கேட்கிறோம். தான் யார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் துணியாத ஒருவருக்குத்தான் பெரிய போர்ட் விற்கப்படுகிறது. அவருக்கு மட்டமான வேலையைக் கொடுத்து யாரும் ஏமாற்றவில்லை. வேறு யாருக்கோ செய்த நல்ல வேலை அவர் கைக்கு வந்துவிட்டது. தன் தேவையை நேர்மையாகச் சொல்லத் தெரிந்தவர் முன்னால் சுமாரான பட்டறைக்காரர்கூடக் கவனமாகிவிடுவார். சொல்லத் தெரியாதவர் முன்னால் உலகத்தின் மிகச் சிறந்த போர்ட்டரின் வேலையும் வெறும் மினுமினுப்புதான். பிறர் வேலையை எடைபோடும் திறமை தன்னைப் பற்றிய நேர்மைக்குப் பிறகுதான் வருகிறது. ஹெட்டில் மட்டும் இப்படி என்று நான் நம்பவில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஹெட் கொடுக்கப் போகும்போது கேம்ஷாஃப்டின் விவரச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தச் சுற்றில் ஓட்டுகிறீர்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். 5.7 லிட்டர் செவர்லே வி8 போன்ற தெரு எஞ்சின் என்றால், 180 முதல் 195 சிசி வரை கொள்ளும் இன்டேக் போர்ட் போதும் என்று சொல்கிறவரை நம்பலாம். 220க்கு மேல் ஆசை காட்டுகிறவரிடம் காரணம் கேளுங்கள். வேலைக்கு முன் ஒன்று, வேலைக்குப் பின் ஒன்று என இரண்டு ஃப்ளோ அட்டவணை கேளுங்கள்: ஒரே பெஞ்ச், ஒரே அழுத்தம், உங்கள் எஞ்சினின் சிலிண்டர் விட்டம், 0.100 அங்குலத்திலிருந்து உங்கள் கேம் திறக்கும் அளவுவரை ஒவ்வொரு படியும். கைடு, சீட் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எட்டு போர்ட்டில் ஒன்றை மட்டும் அளந்து காட்டினால் மற்ற ஏழையும் கேளுங்கள். இவற்றை எரிச்சல் இல்லாமல் எடுத்துக் காட்டுகிற பட்டறையில் கொஞ்சம் கூடுதல் பணம் ஆனாலும் கொடுங்கள். உச்ச எண் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பளபளப்பைக் காட்டுகிறவரிடமிருந்து ஹெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.